பழைய சிவிக்குக்கு டர்போ தேடி நான் பட்ட பாடு

என்ர கார் 2000ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் எஸ்.ஐ.ஆர். கனடாவில இந்தப் பேரில வந்தது, அமெரிக்காவில இதையே எஸ்.ஐ. எண்டு வித்தவங்கள். பி16ஏ2 எஞ்சின், 1595 சிசி, 8000 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எத்தினை சுத்து) வரைக்கும் கத்திக்கொண்டு ஏறும், 160 குதிரை. ஆனா அந்த 160ஐக் காண 7600க்குப் போகவேணும், டோர்க் (சுழட்டுற பலம்) எண்டு பாத்தா 111 பவுண்ட்-ஃபீட், அதுவும் 7000இலதான். 5600 தாண்டி வீடெக் (வேகத்தில வால்வை இன்னும் கூடத் திறக்கிற ஹொண்டா ஏற்பாடு) வேலை செய்யத் தொடங்கிற வரைக்கும் கீழ உயிரே இல்லை. மார்க்கம் ரோட்டில சிக்னலில இருந்து எடுத்தா பக்கத்தில பிள்ளையளை ஏத்திக்கொண்டு நிக்கிற வான்காரன் முந்திப் போவான், எனக்கு விசர் வரும்.

சரி, டர்போ (எக்ஸோஸ்ட் புகையால சுத்தி எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கிற சாமான்) போடுவம் எண்டு முடிவெடுத்தன். எல்லாரும் செய்யிற பிழையைத்தான் நானும் முதல் செய்தன். மனசுக்குள்ள 350 குதிரை எண்டு ஒரு நம்பரை வச்சுக்கொண்டு அதுக்கு ஏத்த டர்போ தேடினன். விளம்பரம் ஒண்டில பழைய டி3/டி4 டர்போ ஒண்டு 300 டொலருக்குக் கிடந்தது. ஒரு பார்க்கிங் லொட்டில, இருட்டில, மைனஸ் பத்துக் குளிரில, கையுறையைக் கழட்டாமல் வாங்கினன். வீட்டை கொண்டுவந்து லைற்றில வச்சு கொம்பிரசர் சில்லின்ர (காத்தை அமத்துற இதழ்ச் சில்லு) நட்டை ரெண்டு விரலால பிடிச்சு ஆட்டிப் பாத்தா, பல்லு ஆடின மாதிரி ஆடுது. எண்ணெய்ப் படலம் இருக்கிறதால கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆனா இது ஆடி இதழ் போய் ஹவுசிங்கில முட்டுது. உள்ளுக்கை வட்டமா ஒரு மினுக்கமான கீறல், இதழ் நுனியெல்லாம் வெள்ளையாத் தேஞ்சு கிடக்கு. வித்தவனுக்கு அடிச்சா போன் எடுக்கிறானில்லை. 300 டொலர் போச்சு.

பேந்து எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணையிட்டப் போனன். பத்துப் பதினைஞ்சு வருசமா ஹொண்டாதான் ரியூன் பண்ணுறார். "அண்ணை எந்த டர்போ நல்லது?" எண்டு கேட்டன். மனுசன் பதில் சொல்லேல்ல, குனிஞ்சு முன் ரயரைப் பாத்தார். "195 அகல ரயர் தானே போட்டிருக்கிறாய், கியர்பொக்ஸில எல்எஸ்டியும் (ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றதுக்கு இழுவை குடுக்கிற டிஃபரன்ஷியல்) இல்லை. 350 குதிரையை எங்க கொண்டுபோய் வைக்கப்போறாய்?"

நான் யோசிக்காத விசயம் அது. முன் சில்லு இழுக்கிற காரில ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாரம் பின்னுக்குப் போகும், இழுக்கவேண்டிய சில்லு லேசாகும், காரைத் திருப்பவேண்டியதும் அதே சில்லுத்தான். இந்தக் கியர்பொக்ஸில ரெண்டாவது கியர் 2.105, ஃபைனல் ட்ரைவ் 4.4, பெருக்கிப் பாருங்கோ, எஞ்சின் குடுக்கிற டோர்க் சில்லுக்குப் போகேக்க ஒம்பது மடங்குக்கு மேல. ஓப்பன் டிஃப் (எல்எஸ்டி இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல்) எண்டபடியா ஒரு சில்லு வழுக்கத் தொடங்கினா மற்றதுக்குப் போறதும் அவ்வளவுதான், பிறகு ஸ்ரியரிங் தன்ர பாட்டுக்கு இழுக்கும்.

அண்ணை சொல்லி சில்லில 230 குதிரை போதும் எண்டு இறங்கினன். எஞ்சினில அது ஒரு 265 அளவில வரும். பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்கக் கணக்கு. எவ்வளவு காத்து வேணும் எண்டதுக்குச் சூத்திரம் லேசு: குதிரையை காத்து-பெற்றோல் விகிதத்தால பெருக்கி, குதிரைக்கு எவ்வளவு பெற்றோல் குடிக்கும் எண்ட நம்பராலயும் பெருக்கி, 60ஆல பிரி. 265 × 11.5 × 0.50 ÷ 60, நிமிசத்துக்கு 25.4 பவுண்ட் காத்து. அந்தக் காத்தை 1.6 லீற்றர் எஞ்சினுக்குள்ள 7400இல திணிக்க, இன்ரேக் சூட்டையும் சேத்துப் பாத்தா, கிட்டத்தட்ட 11 பிஎஸ்ஐ பூஸ்ட் (வெளிக்காத்தின்ர அமுக்கத்துக்கு மேலால டர்போ குடுக்கிற அமுக்கம்) வேணும். இன்ரர்கூலரிலயும் ஃபில்டரிலயும் போற நட்டத்தைச் சேத்தா பிரெஷர் ரேஷியோ (கொம்பிரசருக்குள்ள போற அமுக்கத்தைப் போல வெளிய வாறது எத்தினை மடங்கு) 1.9.

இந்த ரெண்டு நம்பரும் கையில இருந்தாத்தான் கொம்பிரசர் மப்பைப் பாத்து ஏதும் விளங்கும். மப் எண்டா, மலையை மேல இருந்து பாத்து வட்டம் வட்டமாக் கீறினமாதிரி ஒரு படம். நடு வட்டத்துக்குள்ள நிண்டா டர்போ நல்லா வேலை செய்யுது, வலப்பக்கம் தள்ளிப் போனா மூச்சு முட்டுது, இடப்பக்கக் கோட்டைத் தாண்டினா சேர்ஜ் (காத்து திரும்பிப் பின்னுக்கு அடிக்கிறது). பிரிண்ட் எடுத்து பென்சிலால 25.4க்கும் 1.9க்கும் புள்ளி வச்சன்.

காரெட் ஜிடி2554ஆர் தான் நான் முதல் ஆசைப்பட்டது. சின்னது, டக்கெண்டு எழும்பும், 'ரோட்டுக்காருக்குச் சின்ன டர்போதான்' எண்டு எல்லாரும் சொல்லுவினம். புள்ளியை வச்சா வலது கரையில போய் நிக்குது. அதுக்கு 270 குதிரைதான் கணக்கு, எனக்கு வேண்டியது 265. அந்தக் கரையில வேலை செய்தா காத்து சரியாச் சூடாகும், இந்த எஞ்சினின்ர கொம்பிரஷன் 10.2, சூட்டுக் காத்தும் அந்தக் கொம்பிரஷனும் சேந்தா நொக்கிங் (பெற்றோல் தன்பாட்டில வெடிச்சு இடிக்கிறது) வராமல் என்ன செய்யும். இன்னொண்டு, அது மூவாயிரத்திலயே முழு டோர்க்கையும் தூக்கி முன் ரயரில போடும், நான் முன்னம் சொன்ன வழுக்கல் அங்கதான் தொடங்கும். சின்ன டர்போ எண்ட கதை பின் சில்லுக் காருக்கும் நாலு சில்லுக் காருக்கும் சரி, இந்தக் காருக்குக் கொஞ்சம் யோசிக்கவேணும் எண்டதுதான் என்ர எண்ணம், சண்டைக்கு வரவேண்டாம்.

மற்றது ஜிடி2860ஆர்எஸ், 'டிஸ்கோ பொட்டேட்டோ' எண்டு பட்டப்பேர் (டர்போக்கு உருளைக்கிழங்கு எண்டு பேர் வைக்கிற சனம்). புள்ளி நல்லா உள்ளுக்க விழுந்தது. 0.64 ஏஆர் ஹவுசிங் (எக்ஸோஸ்ட் பக்கக் கூட்டின்ர அளவு, நம்பர் கூடினா பெரிசு), 0.86ஐ எடுத்திருந்தா இன்னும் பிந்தித்தான் எழும்பியிருக்கும். அதைத்தான் எடுத்தன், இந்த முறை ரசீதோட புதுசு.

வாங்கினா முடிஞ்சுது எண்டில்லை. பி சீரீஸ் எஞ்சினுக்கு எக்ஸோஸ்ட் முன்பக்கம், அதால டர்போ ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில நிக்கவேணும். ரேடியேட்டர் ஒரு பாதி அகலம்தான், மற்றப் பாதியில ஏசி ஃபான். ஏசியைக் கழட்டு எண்டாங்கள், ஏலாது எண்டிட்டன், ஜூலையில 401 ஹைவேயில நிண்டு பாத்தவனுக்குத் தெரியும். மெல்லிசு ஃபான் போட்டு, டர்போவைப் பூட்டுற டி25 ஃபிளாஞ்ச் வச்ச இரும்பு எக்ஸோஸ்ட் மனிஃபோல்டோட ஒருமாதிரிப் பொருத்தியாச்சு. இன்ஜெக்டர் (பெற்றோல் பீச்சிறது) கம்பனி போட்டது நிமிசத்துக்கு 240 சிசி, அது காணாது, 550 போட்டன். ஈசியூவை (எஞ்சினின்ர கொம்பியூட்டர்) பழைய ஓபிடி1 வகைக்கு மாத்தி, ரியூன் பண்ண ஹொண்டேட்டா போட்டன்.

முதல் நாள் ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசம் நல்லா நிண்டுது, பிறகு சைலன்சரால நீலப் புகை. கராஜ் முழுக்க. திரும்பவும் ஏமாந்திட்டன் எண்டு நிலத்தில இருந்திட்டன். அண்ணை வந்து ரோச்சை அடிச்சுக் கீழ பாத்தார். டர்போவில இருந்து ஒயில் இறங்கிற குழாய் நேரா விழாமல் நடுவில தொட்டில் மாதிரித் தொங்குது. ஒயில் பம்பால உள்ள போறது, வெளிய வாறது தன்ர பாரத்தில மட்டும்தான், குழாய் வளைஞ்சா அது அங்கயே தேங்கி சீலைத் தாண்டி எக்ஸோஸ்டுக்குள்ள போகும். ஒயில் பானில ஓட்டையை இன்னும் மேல போட்டு, மொத்தமான குழாயை நேரா இறக்கினம், புகை நிண்டிட்டுது. டர்போவில ஒரு பிழையும் இல்லை.

டைனோவில (சில்லில வாற பலத்தை அளக்கிற மெசின்) 10 பிஎஸ்ஐயில சில்லில 226 குதிரை. 3800இல இருந்து இழுக்கத் தொடங்குது, பாய்ஞ்சு விழாமல் ஏறுது. எனக்குப் போதும்.

அதுக்குப் பிறகுதான் அப்பாவை ஏத்திக்கொண்டு போனன். அப்பா தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில, பொருளாதாரத் தடை நேரம், ஒஸ்ரின் கார் ஓடினவர். அப்ப பெற்றோல் இல்லை, கொஞ்சம் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானவுடன மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடுறது. நான் மூண்டாவது கியரில மிதிக்க, நாலாயிரத்தைத் தாண்டேக்க, அப்பா கையைத் தூக்கினார். "நிப்பாட்டு, இடிக்குது." எனக்கு எக்ஸோஸ்ட் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்ல. "போத்திலுக்குள்ள சரளைக்கல்லுப் போட்டுக் குலுக்கின சத்தம். மண்ணெண்ணெயில ஓடின எல்லாருக்கும் தெரியும்." ஈசியூ பதிஞ்சு வச்ச லொக்கைத் (log) திறந்து பாத்தா அப்பா சொன்னது சரி, அன்றைக்கு அவசரத்தில நான் 91 ஒக்ரேன் பெற்றோல் அடிச்சிருந்தன், ரியூன் பண்ணினது 94க்கு. அந்த ஆர்பிஎம்மில இக்னிஷன் ரைமிங்கை (பொறி அடிக்கிற நேரம்) ரெண்டு டிகிரி பின்னுக்கு இழுத்து 94ஐயே அடிச்சம், பிறகு அப்பாவே பக்கத்தில இருந்து 'இப்ப இல்லை' எண்டார்.

இப்ப முதல் ரெண்டு கியரிலயும் 6 பிஎஸ்ஐதான், மூண்டாவதில இருந்துதான் முழுசு. பூஸ்டைக் கட்டுப்படுத்திற வேஸ்ட்கேட் வால்வின்ர ஸ்பிரிங் விடுற அளவுக்குக் கீழ பூஸ்டை இறக்க ஏலாது எண்டபடியா ஸ்பிரிங்கையே 6க்கு மாத்தினன். ரோட்டில ஆட்டம் காட்ட இல்லை, ஒன்ராரியோவில பிடிச்சா 14 நாள் காரைத் தூக்கிக்கொண்டு போவாங்கள், முழுசா மிதிக்கிறது கயூகா ரேஸ் ட்ராக்கிலதான். போன கிழமை மழையுக்க கென்னடி ராம்பால 401க்கு ஏறினன், ரெண்டாவதில ஸ்ரியரிங் ஒருக்காத்தான் லேசா இடப்பக்கம் இழுத்தது. எல்எஸ்டி உள்ள இன்ரெக்ரா ரைப் ஆர் கியர்பொக்ஸ் ஒண்டு விலைக்கு நிக்குதாம். இந்த முறை பகலில போய்ப் பாக்கிறன்.