சம்சாரி என்ற ஒரு சொல்

கி. ராஜநாராயணனின் கதைகளை மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் முறை கதைக்காக வாசித்தேன்; இம்முறை பென்சிலும் கையுமாக, சொற்களுக்காக. அடிக்கோடிட்டவற்றைத் திரும்பிப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் எனக்கு முன்பே தெரிந்த சொற்களாக இருந்ததுதான் வியப்பு.

'சம்சாரி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பொதுவழக்கில் அது குடும்பஸ்தனைக் குறிக்கும். அவர் கதைகளின் களமான கரிசல் காட்டிலோ, அந்தக் கருமண் பூமியில், உழுது பிழைப்பவனைக் குறிக்கும். 'விவசாயி' என்று எழுதியிருந்தாலும் பொருள் பிசகியிருக்காது. ஆனால் விவசாயி என்பது விண்ணப்பப் படிவத்தில் 'தொழில்' என்று அச்சிட்டிருக்கும் இடத்துக்கு எதிரே நிரப்பத்தக்க சொல். சம்சாரி என்றதும் பெண்டாட்டி பிள்ளைகளும், மாடு கன்றும், மழை பொய்த்த வருடத்துக் கடனும் ஒரே நுகத்தடியில் வந்து பூட்டிக்கொள்கின்றன. பிழைப்பு வேறு, குடும்பம் வேறு என்று பிரிக்க முடியாத வாழ்க்கைக்கு அந்த மக்கள் வைத்த பெயரை, ஏட்டுத் தமிழுக்கு ஏற்பத் திருத்தாமல் அப்படியே எழுத்தில் ஏற்றினாரே, அதற்குத் தனிக் காது வேண்டும்.

அந்தக் காதுதான் அவரை அகராதி தொகுக்கவும் வைத்திருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. அப்படியிருந்தும், ஒரு கதாசிரியர் தம் மண்ணின் பேச்சைத் தேடித் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட நேர்ந்தது. செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாகத் திசைச்சொல்லை, அதாவது வட்டாரங்களில் வழங்கும் சொல்லை, தொல்காப்பியர் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டார். உரைநடைக்காரர்களாகிய நாம்தான் அதைக் கொச்சை என்று வெகுகாலம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தோம்.

சொல்வளம் என்பதை நானும் ஒரு காலத்தில் தவறாகவே புரிந்துகொண்டிருந்தேன். என் இளவயதுக் கதை ஒன்றில், ஒரே பக்கத்தில் கதிரவன் உதித்து, ஆதவன் சுட்டெரித்து, பரிதி மறைந்தது. (அந்தக் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனதில் எனக்கு வருத்தமில்லை.) ஒரே பொருளுக்குப் பல பெயர் தெரியும் என்று காட்டிக்கொண்டேனே தவிர, அந்த இடத்துக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

சென்ற வாரம் எழுதிய கதையில் ஒருவன் பல வருடங்கள் கழித்துத் தமக்கையின் வீட்டுக்கு வருகிறான். "கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, ஆனால் யாரையும் எதிர்பார்த்துத் திறந்து வைத்ததாகத் தோன்றவில்லை" என்று எழுதியிருந்தேன். பென்சிலோடு வாசித்த பழக்கத்தில் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பிறகு "கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது" என்று மாற்றினேன். அடுத்த வாக்கியத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை, அடித்துவிட்டேன்.