கேரவன் பயணத்தில் துணி அலக்கியது

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்தில் துணி காய்வதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்குக் குழித்துறை வந்து பத்து நாளாகிறது. வராந்தாவில் கட்டிய கொடியில் பிள்ளைகளின் உடைகள் மூன்றாம் நாளும் ஈரம் வற்றாமல் தொங்குகின்றன. மழை சற்று விட்டதும் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து திண்ணையில் அமர்ந்தார். ஆஸ்திரேலியாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அம்மா முதலில் சொல்வது கடலையோ மலையையோ அன்று, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியான கேரவனில் துணி அலக்கியதைத்தான். துணி துவைப்பதை நாங்கள் அலக்குதல் என்றே சொல்வோம்.

மெல்பர்னில் நாங்கள் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஜனவரியில், பள்ளி விடுமுறையின்போது, ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு, டார்க்கீயில் தொடங்கும் கிரேட் ஓஷன் சாலை வழியாக வார்னம்பூல் வரை பன்னிரண்டு நாள் சென்றுவந்தோம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை பாறையை வெட்டி அமைத்த சாலை அது. கேரவனில் ஏற்றும் சுமைக்கு வரம்பு உண்டு; ஐந்து பேருக்கும் ஆளுக்கு நான்கு உடுப்புகளுக்கு மேல் எடுத்துச் செல்ல இயலவில்லை. ஆகவே மூன்று நாளைக்கு ஒருமுறை அலக்கியே தீரவேண்டும் என்பது புறப்படும்போதே தெரிந்திருந்தது.

ஆனால் தண்ணீரின் கணக்கு தெரிந்திருக்கவில்லை. எங்கள் வண்டியில் 95 லிட்டர் பிடிக்கும் தொட்டிகள் இரண்டு இருந்தன. குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் இரண்டு இரவு தங்கினால் குடிப்பதும் சமைப்பதும் குளிப்பதும் அதற்குள்தான். அழுக்குத் தண்ணீரை அப்படியே மண்ணில் ஊற்றிவிடவும் கூடாது. அதைத் தனித் தொட்டியில் சேர்த்து, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் கொட்டவேண்டும். தாமிரபரணியில் முழங்காலளவு ஓடும் நீரில் நின்று அலக்கி வளர்ந்த அம்மா, ஒரு வாளித் தண்ணீரில் ஐந்து பேருக்கும் அலக்கவேண்டும் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

வழக்கமாகக் கேரவனில் ஊர் சுற்றுபவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இறுக்கமான மூடியுள்ள வாளியில் துணி, வெதுவெதுப்பான தண்ணீர், சிறிது சோப்புப்பொடி ஆகியவற்றைப் பாதியளவுக்குப் போட்டு மூடி, வண்டியின் குளியலறையில் சாயாமல் வைத்துவிட்டால், வளைவுகளிலும் மேடுபள்ளங்களிலும் வண்டி குலுங்கும் குலுக்கலிலேயே அழுக்கு கழன்றுவிடும். லார்னிலிருந்து அப்பல்லோ பே வரை கடலை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் சாலை அதற்கு வெகு பொருத்தம். அங்கே இறங்கி மூடியைத் திறந்தபோது தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருந்தது. அம்மா பிள்ளையின் சட்டைக் காலரை விரித்து, விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லுல அடிச்ச மாதிரியே இருக்கு மக்கா" என்றார்.

படுக்கை விரிப்பும், தோர்த்து என்று நாங்கள் சொல்லும் துண்டும் வாளியில் அடங்கா. அவற்றுக்குக் கேரவன் பூங்காவின் சலவை அறைதான். எங்கள் கையிலிருந்த ஒன்று, இரண்டு டாலர் நாணயங்களை இயந்திரத்தில் போட்டோம். நாய் படுக்கும் விரிப்புகளை இதில் போடாதீர்கள் என்று சுவரில் எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்டியதும், எழுதவேண்டி வந்ததென்றால் முன்பு யாரோ போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, உள்தொட்டியை ஈரத்துணியால் துடைத்த பிறகே அம்மா எங்கள் துணிகளைப் போடவிட்டார்.

அன்று நாங்கள் துணியைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்குச் சென்று, நேரம் மறந்து திரும்பினோம். எங்கள் துணிகளை யாரோ எடுத்து மேசைமேல் குவித்திருந்தார்கள்; அம்மாவின் உள்பாவாடை எல்லோரும் பார்க்கும்படி மேலே கிடந்தது. அம்மாவின் முகம் வாடியது. எனக்கோ தாங்கமுடியாத வருத்தம். அங்கே இருந்த முதிய பெண்மணி ஒருவர், இயந்திரம் நின்றபின் சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துவைப்பது இங்கே வழக்கம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். ஆற்றில் அலக்குக்கல்லைப் பிடித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் யார்தான் காத்திருப்பார்கள் என்று அம்மாவே கேட்டார். அது நியாயமான வழக்கம் என்றே இன்று நினைக்கிறேன். அன்று முதல் கைப்பேசியில் மணி வைக்காமல் நான் அந்த அறையை விட்டு வெளியேறியதில்லை.

அந்தப் பெண்மணி கற்றுக்கொடுத்தது இன்னொன்றும் உண்டு. ஈரத்துணியைக் காய்ந்த தடித்த தோர்த்தின்மேல் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தால் முறுக்கிப் பிழிந்தாலும் போகாத ஈரத்தைத் தோர்த்து உறிஞ்சிக்கொள்ளும். உலர்த்தும் இயந்திரத்திற்குப் போடும் காசும் மிச்சம். அம்மா அவருக்கு மணலைப் பற்றிச் சொன்னார். பேரப்பிள்ளைகளின் நீச்சலுடையில் ஒட்டிய ஈரமணலை அந்தப் பெண்மணி தண்ணீர்விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணவாளக்குறிச்சிக் கரையின் கறுத்த கனிம மணல் துணியின் இழைக்குள் இறங்கினால் எளிதில் போகாது என்பதை அறிந்த அம்மா, முதலில் வெயிலில் நன்றாகக் காயவிட்டு உதறிய பிறகே நனைக்கவேண்டும் என்று கையால் உதறிக்காட்டினார். அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பூங்காவின் நடுவே சுழலும் கொடி இருந்தது. 1945இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் தயாரிக்கத் தொடங்கிய ஹில்ஸ் ஹாய்ஸ்ட் வகை. கைப்பிடியைச் சுற்றினால் கொடி முழுவதும் தாழ்ந்து வரும், விரித்தபின் சுற்றினால் மேலே ஏறும். வெளிச்சுற்றில் தோர்த்தும் விரிப்பும், உள்சுற்றில் உள்ளாடைகளும் விரிப்பது அங்கும் பலருடைய பழக்கம் என்று கண்டபோது அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதல்! நண்பகலில் வடக்கிலிருந்து அனல்காற்று வீசியது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்தன. மாலையில் காற்று திடீரெனத் தென்மேற்குக்குத் திரும்பியது. அந்தத் திருப்பம் வந்தால் சிறிது நேரத்திலேயே வெப்பம் பத்து டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடுவதுண்டு. நான் உணரும் முன்னரே அம்மா, "ஆரல்வாய்மொழிக் காத்து மாதிரி அடிக்குது, ஓடிப்போய் எடு மக்கா" என்று எழுந்துவிட்டார். நாங்கள் கடைசி விரிப்பை உருவும்போது முதல் துளிகள் விழுந்தன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சித்தி, மிதித்தால் உண்மையிலேயே ஈரம் போகுமா என்று கேட்டார். அம்மா உள்ளே சென்று காய்ந்த தோர்த்து ஒன்றை எடுத்துவந்து, கொடியிலிருந்த என் மகளின் பாவாடையை அதில் வைத்துச் சுருட்டி, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். வெளியே மீண்டும் மழை பிடித்துக்கொண்டது. சித்தி குனிந்து தோர்த்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், அது நனைந்திருந்தது.