இருபத்தைந்தாவது கையெழுத்து

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடம் வேலை செய்தேன். கடைசி எட்டு வருடம் ஸ்டோர்ஸ் என் பொறுப்பில் இருந்தது. திருகோணமலைக் கரையில் சீசன் என்றால் மே தொடங்கி செப்டெம்பர் வரை. வாடைக்காற்று வந்துவிட்டால் அறைகள் பூட்டிக் கிடக்கும், சேவிஸ் சார்ஜும் இறங்கிவிடும். எங்கள் வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த சேவிஸ் சார்ஜில்தான். விருந்தினர் பில்லில் சேர்க்கும் 10 சதவீதத்தை மாதக் கடைசியில் எல்லோருக்கும் பங்கிடுவார்கள்.

ஒரு ஆகஸ்ட் மாதம் ஒரு அறைகூடக் காலியில்லை. ஆனால் கைக்கு வந்த பங்கு ஜூலையை விடக் குறைவு. கேட்டபோது, “உடைவுக்குக் கழித்தோம்” என்றார்கள். உடைந்ததற்குப் பதில் சாமான் எடுத்துக் கொடுப்பவன் நான்தானே. இரவு கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். 43 கண்ணாடிக் குவளை, 11 பிளேட், ஒரு தேநீர்க் கேத்தல். விலை போட்டுக் கூட்டினால் கழித்த தொகையில் கால்வாசியும் வரவில்லை.

தனியாகப் போய்க் கேட்டவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. தனி ஆளாகப் போனால் அது முறைப்பாடு. எல்லோருக்கும் சேர்த்து, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் வைத்துக் கேட்டால்தான் அது பேரம்பேசல் ஆகிறது. எங்கள் சட்டத்தில் அதற்கு ஒரு எண்ணே இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம். ஆனால் நிர்வாகம் பேச மறுக்க முடியாதபடி செய்ய, யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களில் 40 சதவீதத்தினராவது சங்கத்தில் இருக்க வேண்டும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்த்த திருத்தம் அது. நாங்கள் நிரந்தர ஊழியர் 62 பேர். அப்படியென்றால் 25 பேர் வேண்டும். கொழும்புச் சங்கம் ஒன்றின் கிளையாகச் சேர்வது என்று முடிவாகி, 24 கையெழுத்தில் வந்து நின்றது.

லோண்டரியில் இறக்கக்கண்டியைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவது குற்றம் என்று எடுத்துச் சொன்னேன். “சட்டம் கொழும்பிலதானே தம்பி இருக்கு” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் அந்தக் கொப்பியைக் காட்டினேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். “நான் எண்ணிக் குடுக்கிற பெட்ஷீட்டில ஒண்டு குறைஞ்சா என்னட்டத்தானே கேக்கிறாங்க. இதையும் நாம கேக்கத்தான் வேணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பேசப் போகும்போது கையில் 14 கோரிக்கைகள் இருந்தன. கொழும்பிலிருந்து வந்த சங்கத்து ஐயா அதை வாசித்துவிட்டு இரண்டு கேள்விதான் கேட்டார். எது கிடைக்காவிட்டால் எழுந்து வருவீர்கள்? அவர்களுக்கு உங்களிடமிருந்து என்ன தேவை? முதல் கேள்விக்குப் பதில் தேடியதில் 14 நான்காகச் சுருங்கியது. இரண்டாவதை அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை. அவர்களுக்குத் தேவை சீசனில் வேலை நிற்காது என்ற உறுதி. அதனால் மார்ச்சிலேயே பேச்சைத் தொடங்கினோம். பேரம்பேசலில் நான் படித்ததில் பெரிய பாடம் இதுதான்.

இரண்டு சுற்றில் பேச்சு முறிந்தது. தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி எங்களை ஒரு அறையிலும் அவர்களை இன்னொரு அறையிலும் இருத்தி, மாறி மாறி வந்து பேசினார். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. சமரசம் என்பது அதுதான். முடிவு இரு தரப்பின் கையிலேயே இருக்கும். நடுத்தீர்ப்புக்குப் போனால் முடிவு நடுவரின் கைக்குப் போய்விடும். அன்று மாலையே இறங்கி வந்தார்கள், நாங்களும் ஒன்றை விட்டுக்கொடுத்தோம்.

எழுதும் இடத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. உடன்படிக்கை தமிழிலும் சிங்களத்திலும் தயாரானது. கிச்சனில் வேலை செய்த கந்தளாய்ச் சிங்களத் தம்பி இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தான். தமிழில் “உடைவுக்கான தொகை” என்று இருந்தது. சிங்களத்தில் “உடைந்த பொருட்களின் கொள்விலை” என்ற பொருள் வந்தது. தொகை என்றால் யாரும் எதையும் எழுதலாம். கொள்விலை என்றால் பில் காட்ட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்தோம். கடைசியில் தமிழிலும் கொள்விலை என்றே போட்டார்கள். அந்தத் தம்பியின் கையை நான் பிடித்துக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

கூட்டு உடன்படிக்கை தொழில் ஆணையாளருக்குப் போய் வர்த்தமானியில் வெளிவந்தபின், அதன் வாசகங்கள் ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்திலும் அடங்கியதாகவே கொள்ளப்படும். அதனால்தான் ஒரு சொல்லுக்கு அவ்வளவு பாடுபட்டோம். அதன்பிறகு மாதாமாதம் சேவிஸ் சார்ஜ் கணக்கை ஊழியர் சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டினார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. மேன்பவர் மூலம், அதாவது ஆள் அனுப்பும் கொம்பனி ஒன்றின் வழியாக, வந்த ஒன்பது பொடியன்கள் அதே அறைகளைத் துப்பரவு செய்தார்கள், அதே தட்டுகளைத் தூக்கினார்கள். அவர்களுக்குப் பங்கு இல்லை. அந்த மார்ச்சில் நாங்கள் விட்டுக்கொடுத்த கோரிக்கை அவர்களுடையது. நான் வேலையை விட்ட நாளில் ஸ்டோர்ஸ் கொப்பியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, கடைசிப் பக்கத்தில் அந்த ஒன்பது பெயரையும் எழுதிவிட்டுத்தான் வந்தேன்.