மஞ்சளாகும் கீரை

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக்குக் கீழே சமூகத் தோட்டம். கருப்புப் பைகளில் பாதிக் கீரை மஞ்சள்.

ஒரு பையைத் தூக்கிப் பார்த்தால், அடி ஓட்டையெல்லாம் மண் அடைத்துக் கிடக்கிறது.

வழக்கமான கலவை 3:2:1. மேல்மண், மக்கிய உரம், மணல். முதலில் விட்டுப்போவது மணல்தான். அது இல்லாவிட்டால் நம்மூர் சாயங்கால மழைக்கு மண் இறுகி வேர் அழுகும். அரைகுறையாக மக்கிய உரம் இன்னும் மோசம். தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும்.

பையை சிமெண்டுத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைத்தாலே தண்ணீர் வடியும். இதற்கு மானியம் எல்லாம் வேண்டாம்!

விளைபொருளை விற்க உதவும் அரசு அமைப்பான ஃபாமா 1965இல் வந்தது, அதன் உழவர் சந்தையான பசார் தானி 1985இல். இப்போது 2021–2030 தேசிய வேளாண் உணவுக் கொள்கை. விதையும் பையும் கொடுப்பது சுலபமான பகுதி. தொடர்ந்து விளைவித்து விற்பதுதான் கடினம்.

கங்கோங் கீரை மூன்று, நான்கு வாரத்தில் அறுவடை. எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் குவியும், பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. வாராவாரம் வாங்குகிறவர் காத்திருக்க மாட்டார். வாரம் கால்வாசிப் பை விதைத்தால் போதும்.

தண்ணீர் பில்லை யார் கட்டுவது என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.