செசி நம்பரை மூடிய தகடும் பிஸ்கட் டின்னில் இருந்த பில்லும்

பழைய லேண்ட்ரோவரை வாங்கிப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அடித்திருக்கும் நம்பரின் மேல் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். சீரிஸ் டூ ஏ மாடல் லேண்ட்ரோவர்களில் வலது பக்க முன் லீப் ஸ்பிரிங் மாட்டும் கொம்பில்தான் அந்த நம்பர் அடித்திருக்கும். சேறும் தண்ணீரும் தெறிக்கிற இடம். துருவும் அங்கே சீக்கிரம் ஏறும்.

என்னுடையது தோட்டத்துத் துரைமார் ஓட்டிய, முன் பின் சக்கரங்களுக்கு இடையே 88 அங்குலம் உள்ள வண்டி. பாடி அலுமினியம் என்பதால் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் செசியும், டாஷ்போர்டைத் தாங்கும் பல்க்ஹெட்டும் இரும்பு. ஹட்டன் பக்கம் மே மாதம் பிடிக்கிற மழை லேசில் விடாது. இரும்பும் அலுமினியமும் ஒட்டுகிற இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, தட்டினால் ஓட்டை. அங்கெல்லாம் திரும்பப் பூட்டும்போது இடையில் பெயின்ட்டும் சீலரும் வையுங்கள். வெறும் உலோகத்தோடு உலோகம் வைத்தால் அதே வியாதி திரும்ப வரும்.

வெல்டிங்குக்கு விடும்போது நம்பர் இருந்த இடத்தைச் சோக்கால் வட்டம் போட்டுக் காட்டி, "இந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம் பாஸ்" என்று சொல்லித்தான் வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், பலமாக இருக்கட்டும் என்று கொம்பின் மேல் ஒரு தகடு! கடைசி எழுத்துகள் அதற்கடியில் போய்விட்டன. கேட்டதற்கு, "அது யாரு பாக்கப் போறா தம்பி" என்கிறார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எஞ்சின் கதை வேறு. முந்தைய உரிமையாளர் 2286 சீசீ பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு நிசான் டிடி 27 டீசல் எஞ்சின் போட்டிருந்தார். சீ.ஆரில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், பழைய எஞ்சின் நம்பரும் பெட்ரோலும் அப்படியே இருந்தன. இதைத் திருத்தத்தான் கொழும்பில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக வேண்டியிருந்தது. தகடு விஷயத்தையும் மறைக்காமல் அவர்களிடம் தொலைபேசியில் சொன்னேன். "பல்க்ஹெட்டில் உள்ள பிளேட்டில் நம்பர் இருக்குத்தானே, அது போதும், வண்டியைக் கொண்டு வாங்க" என்றார்கள்.

கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று கீழே இறக்கிக் கொண்டுபோய் நிறுத்தினேன். பரிசோதகர் குனிந்து பார்த்த மாத்திரத்தில் முடியாது என்றுவிட்டார். பிளேட்டைக் கழற்றி வேறு வண்டிக்கு மாட்டலாமாம், செசியில் அடித்ததுதான் கணக்காம். அவர் சொன்னது நியாயம்தான். அதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் அவ்வளவு டீசலும் ஒரு நாள் வேலையும் மிஞ்சியிருக்கும். போதாததற்கு முதல் கவுண்டரில் எஞ்சின் வாங்கிய பில் கேட்டார்கள். அடுத்த கவுண்டரில் சத்தியக்கடதாசியும் வேண்டும் என்றார்கள். படிவமோ சிங்களத்தில் மட்டும். தேவையான பத்திரங்கள் எல்லாவற்றையும் முதல் கவுண்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி மலையிறங்க வேண்டாம்.

தகட்டை எடுக்க வேறு கராஜுக்குப் போனேன். அந்த அண்ணன் வெல்டிங் ஓரத்தை மட்டும் மெதுவாக வெட்டி, உளியால் நெம்பி எடுத்தார். உள்ளே கிரைண்டரை விடவே இல்லை. கம்பி பிரஷ்ஷால் கையாலேயே தேய்த்து, துணியால் துடைத்து, சோக்கைப் பூசி, பக்கவாட்டில் டார்ச் அடித்தோம். கடைசி எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தபோது இருவரும் சேர்ந்து கத்திவிட்டோம்.

பில்லுக்காக முந்தைய உரிமையாளரைத் தேடிப் போனேன். வயதானவர். இத்தனை வருஷம் கழித்து எங்கே இருக்கப்போகிறது என்று எண்ணிக்கொண்டேதான் போனேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்தார். "தம்பி, இதையா தேடுறீங்க?" பஞ்சிகாவத்தைக் கடை பில், எஞ்சின் நம்பரோடு! அந்த டின்னுக்குக் கும்பிடு போடலாம் போலிருந்தது. சத்தியக்கடதாசியையும் அன்றைக்கே சமாதான நீதவானிடம் முடித்துக்கொண்டேன். அடுத்த முறை கொழும்பில் எல்லாம் சுலபமாக நடந்தது.

இரண்டு விஷயம் மிச்சம். இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில்தான் போகிறது. எங்காவது ஒழுகினால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். நம் ஊர் இறக்கங்களில் அது விளையாட்டல்ல. கொழும்புக்கு இறக்கும் முன்பே நான் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் போட்டுவிட்டேன். பெரிய டயர், விஞ்ச் ஆசையெல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சீ.ஆர். திருத்தி வந்ததும் இன்சூரன்ஸ்காரருக்கும் புது எஞ்சின் நம்பரை எழுத்தில் கொடுங்கள். என் பத்திரத்தில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கிறது. நாளைக்கு அதற்குத்தான் போகிறேன்.