அம்பாசடருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றிய அனுபவம்: வாங்கும் முன் அடியில் இருக்கும் நாக்கைப் பாருங்கள்

பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு வரிசைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) மாற்றப் போகிறீர்கள் என்றால், கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கழற்றி மாட்டுவது சின்ன வேலைதான். எனக்கு அது வாரக்கணக்கில் இழுத்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

வண்டி 1986 மாடல், 1489 சிசி. ஐடிலில் மிஸ்ஸிங், மேட்டில் இழுவை இல்லை. பாயின்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை), கண்டென்சர், ரோட்டார் (உள்ளே சுழன்று ஒவ்வொரு பிளக் வயருக்கும் மின்சாரத்தைத் தரும் துண்டு), மூடி எல்லாம் புதிதாகப் போட்டும் தீரவில்லை. மூடியைக் கழற்றி ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் கையிலேயே ஆட்டம் தெரிந்தது. உள்ளே ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டால் பாயின்ட் இடைவெளி ஒரு சிலிண்டருக்கு ஒரு அளவு, அடுத்ததற்கு இன்னொரு அளவு என்று மாறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) எவ்வளவு கவனமாக வைத்தாலும் நிற்காது. சரி, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மெக்கானிக்கே போன் போட்டு, டவுனில் உள்ள ஒரு ஸ்பேர்ஸ் கடையிலிருந்து புதிதாக ஒன்றை வரவழைத்தார். அட்டைப் பெட்டியில் கம்பெனி பெயர்கூட இல்லை. பழையதைக் கழற்றுவதற்கு முன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து வைக்கச் சொன்னேன். "அதெல்லாம் தேவையில்லைங்கண்ணா, இது ஒரே மாதிரிதான் உட்காரும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஒரு நாக்கு உண்டு. அது நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். இன்ஜின் உள்ளே இருக்கிற பள்ளமும் அதே போல ஒதுங்கியிருப்பதால் ஒரே விதத்தில்தான் பொருந்தும். ஆனால் அந்த நாக்கு ஷாஃப்ட்டில் ஒரு பின் அடித்துப் பொருத்தப்பட்டது. அதைத் திருப்பி வைத்துப் பின் அடித்திருந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் ஒழுங்காக உட்காரும், ரோட்டார் மட்டும் நேர் எதிர்ப்பக்கம் பார்க்கும். எனக்கு வந்த பாகம் அப்படிப்பட்டதுதான். அன்றைக்கு அது யாருக்கும் தெரியவில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கார்ப்பரேட்டர் வழியாக டப் டப் என்று திருப்பி அடித்தது. "ஸ்பார்க் இருக்குங்கண்ணா, பெட்ரோல்தான் ஏறல" என்று கார்ப்பரேட்டரைப் பிரித்தார். அப்புறம் பிளக் மாற்றினார். பெட்ரோல் பம்ப்பையும் கழற்றினார். எதற்கும் அசையவில்லை. கடைசியில் பிளக் வயர்களை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்ததில் ஒரு கட்டத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. உடனே டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போல்ட்டை இறுக்கிவிட்டார். ஸ்பார்க் விழும்போது மின்னிக் காட்டும் டைமிங் லைட் இல்லையா என்று கேட்டேன். காதுதான் லைட் என்றார்.

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை வண்டி பஞ்சாக ஓடியது. குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். அடிவாரம் தாண்டி மேடு ஏற ஆரம்பித்ததுமே நாக்கிங், அதாவது இன்ஜினில் தட்டல் சத்தம், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. கியரைக் குறைத்தும் நிற்கவில்லை. டெம்பரேச்சர் முள் மேலே போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், பாதிகூட ஏறாமல் ஓரம் கட்டி, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து திரும்ப இறங்கினோம். குழந்தைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐடிலில் காதால் டைமிங் வைப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான். அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்கூட்டியே விழுவது) கூடக் கூட ஐடில் வேகம் ஏறும், சத்தமும் சீராகும், கேட்பதற்கு நன்றாக இருக்கும். பாரம் ஏறும்போதுதான் அந்தக் கூடுதல் அட்வான்ஸ் பிஸ்டனை அடிக்கும். தட்டையான ரோட்டில் இது தெரியாமலே போய்விடும்.

கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பெரியவர் பழைய அம்பாசடர் மட்டும் பார்ப்பார் என்று நண்பர் சொல்லி அங்கே போனேன். பானெட்டைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் தம்பி, வயரெல்லாம் சுத்தி மாட்டியிருக்கு?"

முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு, வண்டியை டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளச் சொன்னார். காற்று விரலைத் தள்ளுகிறது என்றால் கம்ப்ரஷன். அங்கிருந்து புல்லியில் உள்ள குறி இன்ஜினில் உள்ள முள்ளுக்கு நேராக வரும்வரை தள்ளினால் டாப், அதாவது பிஸ்டன் உச்சியில். இந்த விரல் சோதனையைத் தவிர்க்காதீர்கள். எக்சாஸ்ட் முடியும்போதும் பிஸ்டன் மேலேதான் இருக்கும், குறியும் அதே இடத்தில்தான் நிற்கும். மூடியைத் திறந்தால் ரோட்டார் நாலாம் சிலிண்டருக்கு உரிய முனையைப் பார்த்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, நாக்கு இரண்டையும் ஒரே வாக்கில் பிடித்தார். ரோட்டார்கள் இரண்டும் எதிரெதிராக நின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கடைக்கு எடுத்துப் போனேன். "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது சார், பில்லிலேயே போட்டிருக்கு" என்றார்கள்.

ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை) 1-3-4-2. ஆகவே ஒன்றும் நாலும், மூன்றும் இரண்டும் இடம் மாற்றிச் சொருகினால் இன்ஜின் ஓடிவிடும். முந்தையவர் தற்செயலாகப் பிடித்தது இதைத்தான். அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்டேன். "நாளைக்கு வேற ஒருத்தர் புஸ்தகப்படி மாட்டுவார், மறுபடி உனக்குத்தான் அலைச்சல்" என்று பெரியவர் மறுத்துவிட்டார். பின்னைத் தட்டி எடுத்து, நாக்கைத் திருப்பி வைத்து, புதுப் பின் அடித்துக் கொடுத்தார்.

அப்புறம் அவர் செய்த வரிசை முக்கியம். முதலில் பாயின்ட் இடைவெளி, 0.4 மில்லிமீட்டருக்குள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இதைப் பின்னால் செய்தால் எல்லாம் வீண். அடுத்து, காயிலிலிருந்து பாயின்ட்டுக்கு வரும் முனைக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்ப். சாவியை ஆன் செய்து, இன்ஜினை அது ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பினால், பாயின்ட் திறக்கும் நொடியில் பல்ப் எரியும். கையேட்டில் போட்டிருக்கும் டிகிரி குறியில் அது எரிய வேண்டும். கடைசியாக டைமிங் லைட். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலைக் குறைவாக வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் குறி நகர்ந்து காட்டும். புல்லி குறியில் சாக்பீஸ் தடவினால் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரை 1 டிகிரி திருப்பினால் கிராங்க்கில் அது 2 டிகிரி, எனவே மயிரிழையாகத் திருப்புங்கள். போல்ட்டை இறுக்கியபின் மறுபடி லைட் அடித்துப் பாருங்கள், இறுக்கும்போதே கொஞ்சம் நகரும்.

அடுத்த ஞாயிறு ஏற்காடு ஏறினோம். 20 வளைவும் ஏறினோம், ஒரு தட்டல் இல்லை, முள் நடுவிலேயே நின்றது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். லேத்தில் புது புஷ் கடைந்து போடலாம். என்னுடையது இப்போது அதற்காகத்தான் போயிருக்கிறது. கடைக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போய், இரண்டின் நாக்கையும் ஒரே வாக்கில் பிடித்தால் ரோட்டார்களும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். புதுப் பாயின்ட் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இடைவெளியை மறுபடி பாருங்கள். கேமை (ஷாஃப்ட்டில் பாயின்ட்டைத் திறக்கும் மேடு) தொடும் பாயின்ட்டின் குதி தேய்ந்து இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், இழுவை மறுபடி போகும். கேமில் துளி கிரீஸ் தடவி வைத்தால் அது மெல்லத்தான் தேயும்.