ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அம்மாவுக்கு முடக்குவாதம். மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறார், வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும். போன மாதம் மருத்துவமனையில் அச்சடித்துத் தந்த சீட்டில் "1-0-0, 28 நாள்" என்று இருந்தது. மருந்துக்கடைக்காரர் 28 மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுவிட்டார். அம்மாதான், "நாலு போதும் தம்பி, வாரத்துக்கு ஒண்ணுதானே" என்றார். இதைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கும், உயிருக்கு ஆபத்து.

மருத்துவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் பிழைப்பதே இந்த மாதிரி மருந்துச்சீட்டு அச்சடிக்கும் மென்பொருள் எழுதித்தான். அந்தத் திரையில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான் இருந்திருக்கும். வாரம் என்று சொல்ல அவருக்கு எங்கே இடம்?

மருத்துவத் தகவல்களைக் கணினிகள் பரிமாறிக்கொள்ள எஃப்எச்ஐஆர் என்று ஒரு பொதுத் தரம் உண்டு (ஃபயர் என்றுதான் சொல்வோம்). மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் பின்பற்றுவதும் அதைத்தான். அதில் இதற்கு இடம் இருக்கிறது. எத்தனை முறை, எவ்வளவு காலத்தில், எந்த அலகில் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கும். அம்மாவுக்கு: 1 முறை, 1, வாரம். கூடவே கிழமை: ஞாயிறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. "நாளுக்கு 2 முறை", "12 மணி நேரத்துக்கு ஒரு முறை" இரண்டும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் முதலாவதைக் கேட்டவர் இட்லிக்கு அப்புறம் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று போடுவார். இரண்டாவதைக் கேட்டவர் அலாரம் வைப்பார். நம் ஊர் 1-0-1 கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, சாப்பாட்டைப் பார்க்கிறது. ஃபயரில் அதற்கும் குறியீடுகள் உண்டு. தைராய்டு மாத்திரைக்கு "காலை உணவுக்கு முன், 30 நிமிடம்" என்றுகூடப் பதியலாம்.

முடிவுத் தேதியில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். "31 வரை" என்றால் 31ஆம் தேதி முழுவதும் சேர்த்தி. என் நிரல் அதை அன்றைய நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொண்டு, கடைசி நாள் மாத்திரைகளை விழுங்கிவிட்டது.

இப்போது எங்கள் மென்பொருளில் கிழமையைத் தேர்ந்தெடுக்காமல் மெதோட்ரெக்சேட்டைச் சேமிக்க முடியாது. கூடுதலாக ஒரு கிளிக் என்று இரண்டு மருத்துவர்கள் ஏற்கெனவே போன் செய்து திட்டிவிட்டார்கள்.